ஆய்வேட்டை யார் படிக்கிறார்கள்? – பொறியியல் பிஎச்.டி. விதிகள் குறித்து

பொறியியல் முனைவர் பட்டத்துக்கான விதிகளை வரிசையாக எடுத்துப் படித்ததில் தோன்றியவற்றை இங்கே தொகுத்து வைக்கிறேன். நான் பிஎச்.டி. செய்தவன் இல்லை. பி.இ. முடித்ததும் மென்பொருள் வேலைக்குப் போனவன். ஆனால் தமிழ்க் கணிமை சம்பந்தமாக எதையாவது தேடும்போதெல்லாம் சோத்கங்கா தளத்திலிருந்து ஆய்வேடுகளை இறக்கிப் படிப்பது பல வருஷப் பழக்கம். ஆகவே பட்டம் வாங்கியவன் என்ற முறையில் இல்லாமல், அந்தப் பட்டத்துக்காக எழுதப்பட்டதைப் படிக்கிறவன் என்ற முறையில்தான் பேசுகிறேன். அப்படிப் படிக்கிற ஒருவனுக்கு வரும் கேள்வி ஒன்றுதான்: இதை எனக்கு முன்னால் யாராவது முழுசாகப் படித்தார்களா?

முதலில் விதி என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். பிஎச்.டி.க்கான குறைந்தபட்சத் தர விதிகளை யு.ஜி.சி. 2009, 2016, 2022 என மூன்று முறை வெளியிட்டிருக்கிறது. கடைசியாக வந்தது 2022 நவம்பர் 7 தேதியிட்ட அறிவிக்கை. அதன்படி குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு, தேவைப்பட்டால் 2 ஆண்டு நீட்டிப்பு. பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் இன்னும் 2 ஆண்டு உண்டு. கோர்ஸ் வொர்க் குறைந்தது 12 கிரெடிட். ஒவ்வொரு செமஸ்டரும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன்னால் முன்னேற்றத்தைக் காட்ட வேண்டும். நம்ம ஊரில் டி.சி. மீட்டிங் என்று சொல்வார்களே, அதுதான். கடைசியில் ஆய்வேடு, வெளியிலிருந்து குறைந்தது இரண்டு தேர்வாளர்கள், அப்புறம் வைவா. ஐ.ஐ.டி.கள் இதற்குள் வராது, அவற்றின் செனட் வகுப்பதுதான் அங்கே விதி.

2016 விதியோடு ஒப்பிட்டால் 2022இல் பெரிதாகப் பேசப்பட்ட மாற்றம் ஒன்று உண்டு. முன்பு, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு ஆய்விதழ்க் கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும், இரண்டு கருத்தரங்குகளில் கட்டுரை வாசித்திருக்க வேண்டும். 2022இல் அந்தக் கட்டாயம் போய்விட்டது. 'தரம் போச்சு' என்று ஒரு தரப்பும், 'விடுதலை' என்று இன்னொரு தரப்பும் பேசின. இரண்டு தரப்பும் விட்டுவிட்ட இடம் ஒன்று இருக்கிறது என்பதுதான் என் கருத்து. அதற்கு வருமுன் அந்தக் கட்டாயம் என்ன செய்தது என்று பார்க்க வேண்டும்.

பட்டியலின் கதை

ஒரு கட்டுரை வேண்டும் என்று சொன்னால் அடுத்த கேள்வி, எந்த இதழில்? அதற்காக 2017இல் யு.ஜி.சி. 'அங்கீகரிக்கப்பட்ட இதழ்கள்' என்று ஒரு பெரிய பட்டியல் போட்டது. பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்த இதழ்களும் அதில் சேர்ந்தன. அப்படிப் பரிந்துரையால் சேர்ந்த இதழ்களில் ஒரு மாதிரியை எடுத்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2018இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் வந்தது. பூஷன் பட்வர்தனும் சக ஆய்வாளர்களும் எழுதியது. சுமார் 88 விழுக்காடு தரம் குறைந்தவையாக இருக்கக்கூடும் என்பது அவர்கள் கணிப்பு. முகவரி இல்லை, ஆசிரியர் குழு விவரம் இல்லை, இருக்கிற விவரமும் பொய் என்கிற ரகம். அதே ஆண்டு மே மாதம் யு.ஜி.சி. 4,305 இதழ்களைப் பட்டியலிலிருந்து நீக்கியது. 2019இல் 'கேர்' என்ற புதுப் பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதுவும் கைவிடப்பட்டு, இதழைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நிறுவனங்களிடமே திரும்பிவிட்டது.

இதில் மாட்டிக்கொண்டவர்கள் யார்? பட்டியலில் இருக்கிறதே என்று நம்பி ஒரு இதழுக்குக் காசு கட்டிக் கட்டுரை போட்ட மாணவர்கள். அடுத்த வருஷம் அந்த இதழ் பட்டியலில் இல்லை. பிழை பட்டியல் போட்டவர்களுடையது, அலைச்சல் மாணவருடையது. கட்டாயத்தை நீக்கும்போது அன்றைய யு.ஜி.சி. தலைவர் எம். ஜகதேஷ் குமார் சொன்ன காரணமும் கவனிக்க வேண்டியது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் பார்த்தபோது ஏறக்குறைய முக்கால் பங்கு கட்டுரைகள் ஸ்கோபஸ் பட்டியலில் உள்ள தரமான இதழ்களில் வரவில்லை என்றார். எண்ணிக்கையைக் கேட்டார்கள், எண்ணிக்கை கிடைத்தது. அவ்வளவுதான்.

எங்கள் தொழிலில் இதற்குச் சரியான உதாரணம் இருக்கிறது. 'கோட் கவரேஜ் 80 விழுக்காடு இருந்தால்தான் ரிலீஸ்' என்று ஒரு மேலாளர் உத்தரவு போட்டால் இரண்டே வாரத்தில் 80 வந்துவிடும். டெஸ்ட்டுகள் எல்லா வரிகளையும் ஓட்டும். ஆனால் எதையும் சரிபார்க்காது. எண் பச்சை நிறத்தில் ஜொலிக்கும், பக் அப்படியே இருக்கும்.

விதி தலைப்பையும் தேர்ந்தெடுக்கிறது

போலி இதழ் பிரச்சனை வெளியே தெரிகிறது. அதைவிட ஆழமான சேதம் ஒன்று உண்டு. அது ஆய்வின் தலைப்பிலேயே தொடங்கிவிடுகிறது.

சிவில் துறையை எடுத்துக்கொள்வோம். கான்கிரீட்டின் அமுக்க வலிமையை 28 நாளில் சோதிப்பது வழக்கம். சிமெண்டில் ஒரு பங்கை எடுத்துவிட்டு ஏதோ ஒரு சாம்பலைச் சேர்க்க வேண்டியது. அனல்மின் நிலையச் சாம்பல், நெல் உமிச் சாம்பல், கரும்புச் சக்கைச் சாம்பல் என்று தேர்வுக்குக் குறைவில்லை. 5, 10, 15, 20 விழுக்காடு என்று கியூப் போட்டு, 7 நாளும் 28 நாளும் உடைத்துப் பார்த்தால் ஒரு வரைபடம் வரும், கட்டுரை தயார். இதில் தப்பு ஒன்றும் இல்லை. சாம்பலைப் பயன்படுத்துவது நல்ல விஷயம்தான். ஆனால் கடலோரத்தில் அந்தக் கான்கிரீட் எத்தனை வருஷம் தாங்கும், உப்பு உள்ளே போய்க் கம்பியை எப்போது அரிக்கும் என்பதுதான் கட்டுகிறவனுக்கு வேண்டிய பதில். வேகப்படுத்திய சோதனைகள் உண்டு என்றாலும், உண்மையான இடத்தில் வைத்துப் பார்க்க வருஷங்கள் ஆகும். 3 வருஷக் கடிகாரமும் கட்டுரை எண்ணிக்கையும் ஒரு மாணவரின் தலைக்கு மேல் தொங்கும்போது, எந்தக் கைடு அவரை அந்தப் பக்கம் அனுப்புவார்?

என் துறைக்கு வந்தால் ஓநாய்கள். சாம்பல் ஓநாய் அல்காரிதம் 2014இல் வந்தது, திமிங்கில அல்காரிதம் 2016இல். அதற்கும் முன்பே 2009இல் குயில் தேடல். எல்லாம் ஒரு சிக்கலுக்கு ஏற்ற மதிப்புகளைத் தேடித் தரும் முறைகள். ஓநாயையும் குயிலையும் கலந்து ஒரு 'ஹைப்ரிட்' செய்து, அதைக் கிளவுடு ஷெட்யூலிங்கிலோ சென்சார் நெட்வொர்க்கிலோ பொருத்தி, சிமுலேஷனில் ஓட்டினால் பழையதைவிட சில விழுக்காடு மேம்பாடு வந்துவிடும். ராண்டம் சீடை மாற்றினால் அந்த மேம்பாடு நிற்குமா என்று கேட்கக் கூடாது. விலங்குப் பெயர்களுக்குப் பின்னால் புதிதாக ஒன்றுமில்லாத முறைகள் பெருகுகின்றன என்று கென்னத் சோரென்சென் 2015இலேயே ஒரு கட்டுரையில் விளாசியிருக்கிறார். அதற்குப் பிறகும் விலங்குகள் குறையவில்லை. குறையாததற்குக் காரணம் அறியாமை என்று நான் நினைக்கவில்லை. குறித்த காலத்தில் குறித்த எண்ணிக்கையில் கட்டுரை தரக்கூடிய தலைப்பு இதுதான் என்று எல்லோருக்கும் தெரியும்.

கணினித் துறைக்கு இன்னொரு கோணலும் உண்டு. இங்கே சிறந்த ஆய்வுகள் பலவும் கருத்தரங்குகளில்தான் முதலில் வருகின்றன. மொழிக் கணிமை என்றால் ஏ.சி.எல்., இயந்திரக் கற்றல் என்றால் நியூரிப்ஸ். அங்கே ஒரு கட்டுரை ஏற்கப்படுவது பல இதழ்களில் ஏற்கப்படுவதைவிடக் கடினம். ஆனால் 'ஆய்விதழ்' என்று மட்டும் எழுதிய விதிக்கு அது கணக்கில் வராது.

சதவீதத்தின் கதை

சரி, கட்டாயத்தை நீக்கியாயிற்றே, இனி எல்லாம் சரியாகிவிடுமா? இரண்டு காரணங்களால் ஆகாது.

ஒன்று, பல பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த விதியில் கட்டுரைக் கட்டாயத்தை இன்னும் வைத்திருக்கின்றன. யு.ஜி.சி. சொல்வது குறைந்தபட்சம்தான், அதற்கு மேல் கேட்கத் தடையில்லை. மேலும், பொறியியல் கல்லூரிகளில் பகுதிநேர பிஎச்.டி. செய்கிறவர்களில் பலர் ஏற்கெனவே அங்கே ஆசிரியர்கள். அவர்களுக்கு அடுத்த படி இணைப் பேராசிரியர் பதவி. ஏ.ஐ.சி.டி.இ.யின் 2019 விதி அந்தப் பதவிக்கு பிஎச்.டி.யோடு 6 ஆய்வுக் கட்டுரைகளையும் கேட்கிறது. ஒரு வாசலில் காவலை எடுத்துவிட்டு அடுத்த வாசலில் ஆறு மடங்காகப் போட்டால், நடுவில் உள்ள கடைத்தெரு மூடப்படாது.

இரண்டாவது, எண்ணுகிற பழக்கம் கட்டுரையோடு நிற்கவில்லை. 2018இல் வந்த ஆய்வுத் திருட்டுத் தடுப்பு விதியைப் பாருங்கள். ஒற்றுமை 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுத் தடை. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. நோக்கம் நல்லது. ஆனால் அந்த மென்பொருள் உண்மையில் செய்வது சொற்றொடர் ஒப்பீடு. சொற்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும், கருத்து யாருடையது என்று அதற்குத் தெரியாது. அடுத்தவர் யோசனையைத் தன் வார்த்தையில் எழுதினால் 4 விழுக்காடு. நியாயமாக ஒரு வரையறையை அப்படியே எழுதினால் அங்கே சிவப்புக் கோடு.

இதன் விளைவு வேடிக்கையானது, கொஞ்சம் வேதனையும்கூட. கியோம் கபனாக், சிரில் லபே, அலெக்சாந்தர் மகசினோவ் மூவரும் 2021இல் 'சித்திரவதைப்பட்ட சொற்றொடர்கள்' என்ற ஒன்றைக் கண்டுபிடித்து எழுதினார்கள். ஒற்றுமை எண்ணைக் குறைக்க, சொற்களை மாற்றித் தரும் கருவிகளில் வாக்கியங்களைப் போட்டு எடுப்பதால் துறைச்சொற்களே உருமாறிப்போகின்றன. 'செயற்கை நுண்ணறிவு' என்பதற்குரிய ஆங்கிலச் சொல் 'போலி உணர்வுநிலை' என்று பொருள்படும் சொல்லாகிவிடுகிறது, 'பெருந்தரவு' 'பிரம்மாண்டத் தகவல்' ஆகிவிடுகிறது. துறை தெரிந்த ஒருவர் ஒரே ஒரு பக்கத்தைப் படித்திருந்தால் நின்றிருக்கும். சதவீதத்தைப் பார்த்தவர்களுக்கு எல்லாம் சரியாகவே இருந்தது.

இப்போது பட்டியலைச் சேர்த்துப் பாருங்கள். மாதங்கள், கிரெடிட்டுகள், கட்டுரைகள், ஒற்றுமை விழுக்காடு. இந்த நான்கில் எதைச் சரிபார்க்கவும் ஆய்வேட்டைத் திறக்க வேண்டியதில்லை. ஒரு எழுத்தர் போதும், ஒரு ஸ்கிரிப்ட்டும் போதும்.

எண்ணுவதற்கும் ஒரு நியாயம் உண்டு

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. எண் பலவீனமானவரின் பாதுகாப்பு. கைடின் மனநிலை, துறைத்தலைவரின் சாதி, யாருக்கு யார் வேண்டியவர் என்பதெல்லாம் பட்டத்தைத் தீர்மானிக்கும் இடத்தில், 'இத்தனை கட்டுரை போட்டால் கதவு திறக்கும்' என்ற எழுதப்பட்ட விதி மாணவருக்கு ஒரு கைப்பிடி. பகுதிநேர ஆய்வாளரான நண்பர் ஒருவர், ஒரு பொறியியல் கல்லூரி ஆசிரியர், என்னிடம் சொன்னது: "கட்டுரை வந்துடுச்சுன்னா கைடு என்ன சொன்னாலும் சினாப்சிஸ் கொடுத்துடலாம். அது இல்லைன்னா அவர் கையெழுத்துக்கு நான் எத்தனை வருஷம் நிக்கணும்?" இதற்கு என்னிடம் எளிய பதில் இல்லை. எண்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒன்றும் வைக்காவிட்டால், அதிகாரம் முழுவதும் கைடின் கைக்குப் போகும். 2022 மாற்றத்தின் பலவீனம் அதுதான். அளவுகோலை எடுத்தது, அந்த இடத்தில் எதையும் வைக்கவில்லை.

வைப்பதற்கு ஒன்று ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. மொத்த விதியிலும் ஆய்வேட்டைத் திறந்து படித்தே ஆக வேண்டிய வெளியாட்கள் இருவர், அந்த இரண்டு புறத்தேர்வாளர்கள். இயன்றால் ஒருவர் வெளிநாட்டவராக இருக்க வேண்டும் என்கிறது விதி. அவர்கள் அறிக்கை எழுதித் தர வேண்டும். ஒருவர் மறுத்தால் மாற்றுத் தேர்வாளருக்குப் போகும், அவரும் மறுத்தால் ஆய்வேடு நிராகரிக்கப்படும். இவ்வளவு எடை உள்ள அறிக்கையை அதற்குப்பின் யார் பார்க்கிறார்கள்? ஆய்வேடு சோத்கங்காவுக்குப் போகிறது, உலகமே இறக்கிப் படிக்கலாம். தேர்வாளர் அறிக்கை கோப்புக்குள் போகிறது. ஐந்து பக்கம் எழுதிய தேர்வாளரும், 'வேலை பாராட்டத்தக்கது, பட்டம் வழங்கலாம்' என்று நாலு வரி எழுதியவரும் வெளியே இருப்பவருக்கு ஒன்றுதான். படித்தவருக்கு மரியாதை இல்லை, படிக்காதவருக்கு வெட்கமும் இல்லை.

ஸ்வீடனில் ஒரு பழைய வழக்கம் உண்டு. ஆய்வேட்டை வாதிடும் நாளுக்கு மூன்று வாரம் முன்பே பொதுவில் வைத்துவிட வேண்டும். பழைய நாளில் பலகையில் ஆணியடித்து மாட்டினார்கள். பல இடங்களில் இன்றும் ஒரு பிரதியில் ஓட்டை போட்டு ஆணியடிக்கிறார்கள். அப்புறம் எதிர்வாதி என்றே பெயர் உள்ள ஒரு வெளி நிபுணர் எல்லோர் முன்னிலையிலும் கேள்வி கேட்பார். நம் விதியிலும் வைவா திறந்த நிகழ்ச்சிதான்: துறை ஆசிரியர்கள், ஆய்வாளர்கள், மாணவர்கள் வரலாம். ஆனால் நான் எட்டிப்பார்த்த ஓரிரு வைவாக்களில் பூங்கொத்தும் சமோசாவும் இருந்தன. ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் பற்றி ஒரு கேள்வி இல்லை.

செய்யக்கூடிய ஒன்று

பெரிய சீர்திருத்தம் எதையும் நான் கேட்கவில்லை. தேர்வாளர்களின் அறிக்கைகளையும் மாணவர் அவற்றுக்கு எழுதிய பதில்களையும் ஆய்வேட்டின் பின்னிணைப்பாகச் சேர்த்தே சோத்கங்காவில் ஏற்ற வேண்டும். கணினி சார்ந்த ஆய்வென்றால் நிரலையும் தரவையும் கூடவே. 2022 விதியில் இதற்குத் தடை எதுவும் இல்லை. ஒரு பல்கலைக்கழகம் நினைத்தால் தன் சொந்த விதியில் ஒரு வரி சேர்த்துத் தொடங்கிவிடலாம்.

பெயர் வெளியே வரும் என்றால் யாரும் கறாராக எழுத மாட்டார்கள் என்று ஒரு ஆட்சேபம் வரும். வரட்டும். பெயரை மறைத்து அறிக்கையை மட்டும் வெளியிட்டாலும் பாதிப் பயன் கிடைக்கும். 'ராண்டம் சீடு மாற்றிப் பார்த்தீர்களா?' என்று ஒரு தேர்வாளர் கேட்டிருக்கிறாரா, மாணவர் என்ன சொன்னார் என்பது அடுத்து அந்தத் தலைப்பை எடுக்கும் மாணவருக்கு ஒரு வருஷ உழைப்பை மிச்சப்படுத்தும். எங்கள் வேலையில் ரிவியூ குறிப்புகள் நிரலோடு சேர்ந்தே கிடக்கும். ஐந்து வருஷம் கழித்து வருகிறவனும் 'இதை ஏன் இப்படிச் செய்தார்கள்' என்று தேடி எடுக்கலாம். புதிதாகச் சேர்ந்தவர்கள் தொழில் கற்றுக்கொள்வதும் பெரும்பாலும் அங்கேதான்.

நண்பர் கேட்ட கேள்விக்கும் இதில் பாதி பதில் இருக்கிறது. முதல் பாதி, அதாவது கைடின் கையெழுத்து, இதனால் தீராது. அதற்கு ஆலோசனைக் குழுவுக்கு நேரடியாக முறையிடும் வழியும் காலக்கெடுவும் வேண்டும். ஆனால் சமர்ப்பித்த பிறகு நடப்பது வெளிச்சத்துக்கு வரும். நல்ல ஆய்வைக் காரணமில்லாமல் இழுத்தடித்தால் அந்தக் காரணமின்மை எழுத்தில் நிற்கும். மோசமான ஆய்வை நாலு வரியில் தள்ளிவிட்டால் அதுவும் நிற்கும். ஆறு வருஷம் உழைத்த ஒருவருக்கு, தன் வேலையை ஒருவர் முழுசாகப் படித்தார் என்பதற்கான ஆதாரமாவது கையில் இருக்கும். இன்று பெரும்பாலானவர்களிடம் இருப்பது பட்டமும் ஒரு சதவீதச் சான்றிதழும்தான்.